முளைத்தால்தான் சொல்வார்

கொரோனா வந்தபோது ஊரே மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு கண்ணீர் விட்டது. எனக்கு அது புதுசில்லை. அதற்கு ரெண்டு வருஷம் முன்பே, புதுச்சேரி நெல்லித்தோப்பில் என் மெஸ்ஸின் அடுப்படியில், என்னை ஸ்டூலில் உட்கார வைத்து மூக்கில் குச்சி விட்டவர் ஒருவர் உண்டு. பேர் சொல்ல மாட்டேன். அரசாங்க வேலையில் இருக்கிறவர். பேர் போட்டால் போன் பண்ணி, "இதெல்லாம் நீங்க எப்படி சரிபாத்தீங்க அக்கா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

எங்கள் தெருவில் அவரை லேப் மேடம் என்போம். யாராவது சாப்பிட்டுவிட்டு வாந்தி, பேதி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், அவர்களுடைய மலத்தையும் மிச்சம் இருக்கிற சாப்பாட்டையும் வாங்கி, எந்தக் கிருமி செய்த வேலை என்று கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். கேட்கவே குமட்டும். அவர் என்னவோ பூக்கடைக்குப் போகிற மாதிரி சிரித்துக்கொண்டு போவார்.

அவர் வீடு பக்கத்தில், சாரம் என்கிற பகுதியில். காலையில் ஸ்கூட்டியில் போகிற வழியில் என்னிடம் நாலு இட்லி பார்சல். முதல் நாள் வந்தபோதே எனக்கும் அவருக்கும் தகராறு. இட்லியைக் கட்டிக்கொண்டிருந்தேன். பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். என்னைக் கேட்காமல் சாம்பார் வாளிக்குள் விட்டார். தெர்மாமீட்டர்.

"என்ன மேடம், என் சாம்பாருக்கு காய்ச்சலா?"

"காய்ச்சல் இருந்தா நல்லதுதான் அக்கா. இல்லியே."

"இல்லன்னா?"

"வெதுவெதுன்னு இருக்கு. கிருமிக்கு இதுதான் ஏசி ரூம். கொதிக்க வெச்சுக் குடுங்க, நான் நிக்கறேன்."

நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் கரண்டியை வாளியில் அடித்த சத்தம் எதிர்த்த கடைக்குக் கேட்டது. அவர் வாட்ஸப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். அன்றைக்கு அவர் ஸ்கூட்டி சத்தம் கேட்டதுமே சாம்பாரை அடுப்பில் ஏற்றினேன். பயம் எல்லாம் இல்லை. எரிச்சல்.

எரிச்சலுக்கு முக்கியக் காரணம் வேறு. அந்தம்மாவிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. தன் கண்ணால் பார்க்காத எதையும் வாயால் சொல்ல மாட்டார். வானம் கறுத்துக் கிடக்கும். "மழை வருமா மேடம்?" என்றால் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெய்ஞ்சா தெரிஞ்சிடும்" என்பார். பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ எழுதிவிட்டு வந்து, "பாஸ் பண்ணிடுவேனா மேடம்?" என்று ஆசையாகக் கேட்டது. "நான் உன் பேப்பரப் பாக்கலையேம்மா" என்றார். அவருடைய சொந்தத் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் எப்படி என்று வீட்டில் கேட்டார்களாம். "ஒரு தடவ காபி குடிச்சதுல என்ன தெரியும்? வேட்டி நல்லா வெளுத்திருந்துச்சு. அத வேணா எழுதிக்குங்க" என்றாராம். தங்கை ஒரு மாதம் பேசவில்லை.

நான் நேர் எதிர். எனக்கு எதுவும் பார்க்காமலே தெரியும். பார்த்துவிட்டுச் சொல்ல பொறுமை கிடையாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போகிற கூத்துக்கு இதுதான் காரணம்.

அவருக்கு யாரும் அழுத்தம் கொடுக்க முடியாது. ஒரு கட்சிக்காரரின் மகள் ஷவர்மா சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கட்சிக்காரர் நாலு ஆளோடு லேப் வாசலுக்குப் போய், சாயங்காலத்துக்குள் அந்த ஷவர்மா கடை பேரை எழுதித் தரணும் என்றார். "சார், இன்னிக்குதான் கிருமியத் தட்டுல விதைச்சிருக்கேன். முளைக்க நாளாகும். நீங்க எந்தக் கட்சின்னு அதுக்குத் தெரியாது சார்" என்றாராம். நாலாம் நாள் முளைத்தது. ஷவர்மாவில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் போனில் பார்த்து வீட்டிலேயே பச்சை முட்டை அடித்து மயோனைஸ் செய்து ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தது, அதில் இருந்தது. இதை லேப் மேடம் எனக்குச் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. கட்சிக்காரரின் டிரைவர் என் மெஸ்ஸில்தான் மதியம் சாப்பிடுவான்.

கிருமிகளைப் பற்றி மட்டும் பேசச் சொன்னால் பேசுவார். சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். "ஒருத்தன் அவசரக்காரன் அக்கா. சாப்ட்டு மூணு மணி நேரத்துல வாந்தி, மறுநாள் ஆளு எழுந்து உக்காந்துடுவான். இன்னொருத்தன் நிதானம். ரெண்டு நாள் கழிச்சு வந்து பத்து நாள் தங்குவான்." அதனால் யாராவது வயிறு சரியில்லை என்றால் என்ன சாப்பிட்டாய் என்று முதலில் கேட்க மாட்டார். எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பார். என் மெஸ்ஸில் வேலை செய்கிற பெண்கள் லீவு போட வயிற்றுவலி என்று பொய் சொல்வதை விட்டதே இவரால்தான். அந்த ஒரு நன்மை எனக்கு உண்டு.

ஒரு தடவை அவருக்கே வந்துவிட்டது. மூணு நாள் இட்லிக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்தார். முகம் உரித்த வெங்காயம் மாதிரி இருந்தது. ஆனால் சிரிப்பு குறையவில்லை.

"என்னா மேடம், ஆளே பாதியாயிட்டீங்க?"

"பேதி அக்கா. என் சாம்பிள நானே லேபுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். பேரு, வயசு, நேரம் எழுதி ஒட்டி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்."

"பீச்சுல பானிபூரி தின்னீங்களே, அந்தப் பயதான். வாங்க, ஒரு வழி பண்ணிடலாம்."

"அன்னிக்கு ராத்திரி என் வீட்டு ரசமும்தான் சாப்ட்டேன். பானிபூரிக்காரனக் கேக்கறதுக்கு முன்னாடி என் ரசத்தக் கேக்கணுமில்ல?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. பானிபூரிக்காரனை அவர் விட்டுவிட்டாரே என்று. இப்படி ஒரு ஆள் எப்படி குடும்பம் நடத்துகிறார் என்று நினைத்தேன்.

இப்போது அஞ்சலை விஷயத்துக்கு வருகிறேன்.

அஞ்சலை தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். இருபது வருஷமாக என் மெஸ்ஸுக்கு அவள்தான் மீன், இறால். என்னைவிட வாய் பெரிசு. அதனால்தான் ஒத்துப்போனது. அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு காதுகுத்துச் சாப்பாடு ஆர்டர் வந்தது. சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பேத்திக்குக் காதுகுத்து. கறிக்குழம்பு, இறால் தொக்கு, கடைசியில் தயிர் சாதம். சைவச் சொந்தக்காரர்களுக்குத் தனிப் பந்தி.

ஒரு மணிக்குப் பந்தி. நாலு மணிக்கு முதல் வாந்தி. ஐந்து மணிக்கு சொல்தா வீட்டு வாசலில் ரெண்டு ஆம்புலன்ஸ். இருபது பேருக்கு மேல். குழந்தைகளும் அதில். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை, மறுநாள் மத்தியானம் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அந்த ராத்திரி எனக்குத் தெரியாதே. சொல்தா என் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, "எறாதான். எறா கெட்டுப் போச்சு" என்றார். எனக்கும் அதுவே பட்டது. இறால் என்றால் அஞ்சலை.

திங்கட்கிழமை விடியும்போது தேங்காய்த்திட்டில் இருந்தேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், அஞ்சலையின் கூடையைக் காலால் தள்ளினேன்.

"ஐஸ்ல கெடந்த நாத்த எறாவ என் தலையில கட்டிட்டியேடி. புள்ளைங்க ஆஸ்பத்திரியில கெடக்குதுங்க."

"யாருடி நாத்த எறா? நீ பாத்துத்தானடி வாங்கினே?"

"உன் மூஞ்சியப் பாத்து வாங்கினேன். அதான் என் தப்பு."

இன்னும் சொன்னேன். எழுத முடியாதது. அவள் பதிலுக்குச் சொன்னதும் எழுத முடியாதது. ஆனால் ஜனங்கள் என் பேச்சைத்தான் கேட்டார்கள். ஏனென்றால் ஆம்புலன்ஸ் உண்மை. அன்றைக்கே மூணு ஓட்டல்காரர்கள் அவளிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் அவள் கூடை நிறைய இறாலோடு உட்கார்ந்திருந்தாள். பொம்பளைகள் கூடையைப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போனார்கள். நான் அதைப் பார்த்தேன். நன்றாக வேணும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு அதிகாரி வந்து, ரிசல்ட் வருகிற வரைக்கும் மெஸ்ஸைத் திறக்கக் கூடாது என்றார். கூடவே லேப் மேடம், ஒரு ஐஸ் பெட்டியோடு. சிரிப்பு அப்படியே இருந்தது.

"எறாத் தொக்கு மிச்சம் இருக்கா அக்கா?"

"சட்டிய வழிச்சுத் தின்னுட்டானுங்க."

"தயிர் சாதம் நேத்து ராத்திரியே சொல்தா வீட்டுல எடுத்துட்டேன். அது எப்படிப் பண்ணுவீங்க?"

எனக்குப் பெருமை பொங்கியது. விசேஷத்துத் தயிர் சாதத்தைத் தயிரில் பிசைய மாட்டோம். பிசைந்தால் பந்திக்கு முன்பே புளித்துவிடும். விடியற்காலையில் சோற்றைக் குழைய வடித்து, சூடு அடங்குவதற்குள் பாலை ஊற்றி, உறைக்கு ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டு, பிசைந்து அண்டாவை மூடிவிட வேண்டும். மத்தியானம் திறந்தால் பதமாக உறைந்து நிற்கும். கரண்டி போட்டால் அந்தப் பதம் வராது, கையால்தான் பிசைய வேண்டும், என் கையால் பிசைந்தால்தான் நெல்லித்தோப்பில் ஒத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் அவருக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு என் வலது கையைப் பார்த்தார்.

"விரல்ல என்னா அக்கா?"

"எலுமிச்சம்பழம்."

"அது தெரியுது. எதுக்கு?"

"நகச்சுத்து மேடம். பழத்துல ஓட்டை போட்டு விரல விட்டுக்கிட்டா சீழ இழுத்துடும். ஒரு வாரமா மாட்டிக்கிட்டிருக்கேன்."

"இதோடவா பிசைஞ்சீங்க?"

"நான் என்ன பைத்தியமா? பழத்தக் கழட்டி வெச்சுட்டு, கைய நல்லா கழுவிட்டுத்தான் பிசைஞ்சேன்."

இன்னொருவராக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பார்வை பார்த்திருப்பார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "பழத்த எடுங்க அக்கா" என்று விரலில் ஒரு குச்சியைத் தொட்டு எடுத்தார். பிறகு என் மூக்கிலும் என்னிடம் வேலை செய்கிற ரெண்டு பெண்கள் மூக்கிலும் குச்சி விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"மூக்காலயா சமைக்கறோம்?"

"மூக்குல வெச்ச கைய சோத்துல வைக்கறோமில்ல?"

"எறாதான் மேடம். எழுதிக்குங்க."

"முளைக்கட்டும் அக்கா."

புதன்கிழமை பொறுக்க முடியவில்லை. லேபுக்கே போய்விட்டேன். உள்ளே விட மாட்டேன் என்றார்கள். கத்தினேன். அவர் ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வந்து நின்றார். ஜன்னலில் ரூபாய் அளவுக்கு ஓட்டை, அதன் வழியாகப் பேச்சு.

முதலில் ஒரு வட்டத் தட்டைக் காட்டினார். ரோஸ் நிறத்தில் உறைந்த பாகு மாதிரி ஒன்று. அதன் மேல் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். புள்ளி இருந்த இடத்தைச் சுற்றி ரோஸ் போய் மஞ்சளாகியிருந்தது. "இதுல உப்பு அதிகம் அக்கா. இவ்ளோ உப்புல பல கிருமி வளராது. இவன் வளருவான். புண்ணுல, சீழுல, மூக்குல எல்லாம் இருப்பான். சோத்துல உக்காந்து விஷத்தக் கக்கி வெச்சிட்டான்னா அதத் திரும்பக் கொதிக்க வெச்சாலும் போகாது. மூணு நாலு மணி நேரத்துல வாந்தி."

"இவன்தான்னு எப்படித் தெரியும்? மஞ்சளா எத்தனையோ இருக்கும்."

இந்தக் கேள்வியை நான் கேட்டேன் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய் மூணு கண்ணாடிக் குழாய் எடுத்து வந்தார். மூணிலும் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர் ஊற்றி, கிருமியைக் கலந்து இளஞ்சூட்டில் வைத்திருந்தாராம். "இவனா இருந்தா இந்த நீர உறைய வெச்சிடுவான். வேற ஆளா இருந்தா அப்படியே தண்ணியா இருக்கும்." முதல் குழாயைச் சாய்த்தார். ஓடியது. "இது ஒத்துப் பாக்கறதுக்கு நான் வெச்ச வேற கிருமி." இரண்டாவதைச் சாய்த்தார். ஓடவில்லை. கெட்டியாக, அடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. "இது தயிர் சாதத்துல இருந்தது."

தயிர் உறைந்ததா என்று பார்க்க நான் தினமும் காலையில் சட்டியைச் சாய்க்கிறவள். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். மூணாவது குழாயைச் சாய்த்தார். அதுவும் உறைந்து நின்றது.

"அது எது?"

"உங்க விரல் அக்கா."

விரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். பிறகு, "மூக்கு?" என்றேன்.

"மூக்குல ஒண்ணும் இல்ல. மத்தவங்க மூக்குலயும் இல்ல."

"அப்ப வீணாத்தான் குச்சிய விட்ட."

"விட்டாத்தான அக்கா வீணுன்னு தெரியும்?"

அந்த நேரத்திலும் எனக்கு அஞ்சலையின் கூடைதான் கண்ணில் நின்றது. "அப்ப எறாவுல ஒண்ணும் இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடும்மா. அவ பொழப்பு போவுது" என்றேன்.

"எறா எனக்கு வரலையே. வராத சாம்பிளுக்கு நான் என்னான்னு எழுத?"

"சரி, இந்தக் கையாலதான்னு எழுது."

"அதையும் எழுத மாட்டேன். சாதத்துல இருந்துச்சு, உங்க விரல்ல இருந்துச்சு. ரெண்டு எடத்துலயும் இருந்தது ஒரே ஆளுதானான்னு பாக்க வேற ஊர் லேபுக்கு அனுப்பணும். இங்க அந்த வசதி இல்ல. நான் பாத்தது இவ்ளோதான்."

ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருந்தது. தயிர் சாதம் என்று இருந்தது. விரல் ஆறின பிறகு மெஸ்ஸைத் திறக்கலாம், புண்ணோடு யாரும் அடுப்படிக்குள் வரக் கூடாது, பால் ஊற்றி மூடி வைக்கிற வேலையை விட வேண்டும் என்றார் அதிகாரி. என்னால்தான் வந்தது என்று ஒரு வரி இல்லை. பால்காரன் மேல் போட்டுவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மனுஷி எனக்கு எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அதுதான் எனக்கு அவர் மேல் வந்த பெரிய கோபம். நேராகக் குற்றம் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை முழுக்க அவரைத் திட்டினேன். சாயங்காலம் போன் போட்டேன்.

"நாளைக்குக் காலையில தேங்காய்த்திட்டுக்கு வா. நான் ஒண்ணு சொல்லணும். நீ பக்கத்துல நிக்கணும்."

"வரேன் அக்கா. ஆனா கேட்டா நான் பாத்ததத்தான் சொல்லுவேன்."

"நீ வாயத் தொறக்கவே வேணாம். நின்னா போதும்."

வெள்ளிக்கிழமை ஏலக் கூட்டம். திங்கட்கிழமை நின்ற அதே இடத்தில் நின்றேன். அஞ்சலை என்னைப் பார்த்ததும் கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் திங்கட்கிழமை போட்ட சத்தத்தைவிட ஒரு பிடி கூடவே போட்டேன். "எல்லாரும் கேட்டுக்குங்க. அஞ்சலை எறா மேல ஒரு தப்பும் இல்ல. நகச்சுத்துக் கையோட தயிர் சாதம் பிசைஞ்சது நானு. அதுலதான் புள்ளைங்க வாந்தி எடுத்துச்சு."

ஏலம் நின்றது. ஏலம் விடுகிறவர் லேப் மேடத்தைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார்.

"சாதத்துல கிருமி இருந்துச்சு சார். இவங்க விரல்லயும் இருந்துச்சு. விரல்லேருந்துதான் சாதத்துக்குப் போச்சான்னு நான் பாக்கல."

"ஏம்மா, நானே ஒத்துக்கறேன். நீ என்னா எனக்கு வக்கீலா?" என்று கத்தினேன்.

துறைமுகமே சிரித்தது. லேப் மேடமும் சிரித்தார். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் எறா?" என்று அவரிடம் கேட்டாள்.

"உங்க எறா என் கைக்கு வரவே இல்லம்மா. அது நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாது. ஆனா ஆஸ்பத்திரியில ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுதி வெச்சிருக்கேன். எறா தொடாம தயிர் சாதம் சாப்ட்ட சைவக்காரங்க நாலு பேரு வாந்தி எடுத்தாங்க. எறா தின்னுட்டு, தயிர் சாதத்துக்கு நிக்காம பஸ்ஸுக்கு ஓடினவங்களுக்கும் போன் பண்ணிக் கேட்டேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

அஞ்சலை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மூணு ஓட்டல்காரர்களில் ரெண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "காதுல வுழுந்துச்சா?" என்றாள். ஒருத்தர் வந்து கூடைக்கு முன்னால் குந்தினார்.

லேப் மேடம் ஒன்பது மணிக்குத் தட்டுப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். "வரட்டுமா அக்கா" என்றுகூடச் சொல்லவில்லை. ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷம் அவரை ஏனாமுக்கு மாற்றிவிட்டார்கள். அதுவும் எங்கள் புதுச்சேரி அரசாங்கத்து ஊர்தான் என்றாலும், ஆந்திராவுக்குள் கிடக்கிறது. அங்கே தெலுங்கில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

மெஸ் மூடித்தான் கிடந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் அஞ்சலையிடம் ரெண்டு கிலோ இறால் கேட்டேன். நிறுத்து என் கூடையில் போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"கையக் காட்டு" என்றாள்.

காட்டினேன்.

"இன்னும் சீழு நிக்குது. இந்தக் கையோட எறா உரிக்கப் போறியா? கீழ வைடி கூடைய."

கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரெண்டு கிலோவையும் அவளே உரித்தாள். உரித்து முடிக்கிற வரைக்கும் என்னை, என் பரம்பரையை, என் மெஸ்ஸை, என் தயிர் சாதத்தைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் நின்று ஐஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், இடது கையால்.